வடக்கே எட்டுக் கூடு, தெற்கே ஒன்று

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணலில் இறங்கிய அழகைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒருவர் மலையேறப் போகிறவர் மாதிரி பூட்ஸ் போட்டிருந்தார். ஒருவர் முகத்தில் சன்ஸ்கிரீன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. மூன்றாமவர் முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு முட்டையைக் கண்டுபிடித்து, படமெடுத்து, நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அது கூழாங்கல் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். அழிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். வெட்கப்பட வேண்டாம். நான் என் முதல் மாதத்தில் கரையொதுங்கிய ஒற்றைச் செருப்பை, அடைகாக்கும் பறவை என்று நினைத்து இருபது நிமிடம் குறிப்பெழுதியவன். "அசையாமல் இருக்கிறது, மிகுந்த பொறுமை" என்று எழுதியிருந்தேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. அனுபவம் எழுதுகிற வயதில்லை. ஆனால் ஆறு பருவம் இந்த மணலில் நின்றாயிற்று, அடுத்த மாதம் வேறு கரைக்கு மாற்றல். போவதற்குமுன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் திட்டத்தை நடத்தும் மேடம் சொன்னார். எப்படி எண்ணுவது, எத்தனை அடி தள்ளி நிற்பது, எந்தப் படிவம் எங்கே போகும் என்பதெல்லாம் கைப்புத்தகத்தில் இருக்கிறது. கைப்புத்தகத்தில் இல்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கரமனையாறு கடலைத் தொடும் இடத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தினம் அங்கேதான் வெயிலில் காய்கிறீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே நீளமாக மணல்திட்டு. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். அந்த மணல் அடைப்புதான் பொழி. அடைத்திருக்கும் மாதங்களில் நம் திட்டு கரையோடு ஒட்டிய நிலம். காயல் பொங்கினால் அதை வெட்டித் திறப்பதற்குப் பொழி முறிப்பது என்று பெயர். திறந்துவிட்டால் தீவு. நல்ல தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. அடும்புக்கொடியைத் தவிர நிழலும் கிடையாது. ஆனால் மனிதன் அதையும் விட்டுவைக்கவில்லை. தெற்கே ரிசார்ட், அதன் வேலி, வேலிக்கு முன்னால் சாய்வு நாற்காலிகள். நடுவே சாயங்காலக் கால்பந்து. எங்கே பார்த்தாலும் நாய்கள்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நம் உப்புக்கொத்தி குடித்தனம் நடத்துகிறது. கைக்குள் அடங்கும் மணல்நிறப் பறவை. கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. வெட்டவெளி மணலில் மார்பால் அழுத்தி ஒரு குழி, சுற்றிக் கொஞ்சம் சிப்பித்துண்டு, உள்ளே மூன்று முட்டை. முட்டையும் மணல்நிறம். மிதித்த பிறகுதான் இருந்தது தெரியும்.

என் இரண்டாம் பருவத்தில், திட்டின் வடக்குப் பாதியில் கூடுகள் நிறைய வந்தன. பொரித்துக் குஞ்சு ஓடும்வரை அந்தப் பகுதியில் யாரும் நடக்கக்கூடாது, வலை இழுக்கக்கூடாது என்று காயலோரக் குடியிருப்பின் சம்மதம் வாங்க வேண்டும். அந்தத் தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்துக்குத் தலைவி ஸ்டெல்லா சேச்சி. மீன் விற்பவர். ஐம்பது வயதிருக்கும். அந்தக் கரையின் மலையாளத்தில் பாதி தமிழ், என் தமிழில் பாதி மலையாளம், அதனால் சண்டை போடுவதற்கு எங்களுக்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை.

நான் நீட்டிய தாளை அவர் வாசிக்கவில்லை. மீன்சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை வாசித்தார்.

"இந்தக் குருவி எத்தன கிலோ வரும்?"

"நாப்பது கிராம் இருக்கும் சேச்சி."

"எடா, என் மத்தி அதவிட கனம். இதுக்கா நாங்க எல்லாரும் சுத்தி நடக்கணும்?"

நான் கற்ற அத்தனையையும் சொன்னேன். எவ்வளவு தூரத்துக்கு இப்படிப்பட்ட மணல் மிச்சமில்லை, எவ்வளவு குறைந்துவிட்டன, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மழ வந்து காயல் பொங்கினா?"

"அதுக்கு முன்னாடி பொரிச்சிரும் சேச்சி."

"பொங்கினான்னு கேட்டேன்."

"பொங்கினா, பொழிய எங்க முறிக்கணும்னு நானே வந்து நின்னு சொல்றேன்."

"அத எழுது."

எழுதினேன்.

"இனி ஒப்பு இடு."

கையெழுத்தும் போட்டேன். எந்த ஊர் என்று கேட்டார். போனக்காடு, தேயிலை எஸ்டேட் என்றேன். "அப்ப எஸ்டேட்டே, போயிட்டு வா" என்றார். அன்றிலிருந்து இந்தக் கரையில் எனக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே என்னை உங்களுக்கு யாரும் காட்டித்தர மாட்டார்கள்.

மே மாதக் கடைசி. அடைகாப்பு முடியச் சில நாள்தான் பாக்கி. மணலில் காலை வைக்க முடியாத வெயில். சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டார்.

"இங்க மூணு நாளா விடாம ஊத்துதுப்பா. ஆத்துல செவப்பா வருது."

"இங்க வெயில் கொளுத்துதும்மா. ஒரு சொட்டு இல்ல. என் முட்டையெல்லாம் பொரிக்கிற வரைக்கும் இப்பிடியே இருந்தா போதும்."

"உன் முட்டையா?"

"பறவை முட்டைம்மா."

"அதானே பாத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். எஸ்டேட்டில் எங்கள் லயவீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடைகள் சேர்ந்துதான் கீழே இறங்கிக் கரமனையாறு ஆகிறது. ஏழாம் வகுப்பில் அந்த ஆற்றை நீலப் பென்சிலால் வரைந்து பரிசு வாங்கியவன் நான். அந்த நீலக் கோட்டின் மேல்முனையில் நின்றுகொண்டு அம்மா மழை என்கிறார். கீழ்முனையில் நின்றுகொண்டு நான் வெயில் என்று பெருமை பேசுகிறேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆற்றின் நிறம் வரைக்கும் சொல்லிவிட்டார். படித்தவன் நான், இப்படியே வெயில் அடித்தால் போதும் என்றேன். இனி உங்கள் போனில் வானிலை பார்க்கும்போது கடற்கரையைப் பார்க்காதீர்கள். ஆறு பிறக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே உங்களுக்கு ஓர் அம்மா இருந்தால் இன்னும் நல்லது.

அன்று ராத்திரி ஆற்றின் நடுவிலுள்ள அணையில் மதகைத் திறந்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஸ்டெல்லா சேச்சியின் போன்.

"எஸ்டேட்டே, என் அடுக்களையில மீன் நீந்துது."

"சேச்சி?"

"நான் விக்கக் கொண்டு வந்ததில்ல. தானா வந்தது. பொக்லைன் வந்து நிக்குது. நீ எழுதித் தந்த கடலாசு என் கையில இருக்கு. வா."

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வானத்தில் மேகமே இல்லை. அந்த வெயிலில், காயலோரத்து வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் போனார். மணல்திட்டில் ஆண்களும் பெண்களுமாக இருபது முப்பது பேர் நின்றார்கள். பொழி முறிக்கும் பொறுப்புள்ள அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர், எல்லோரும் ஏ.இ. சார் என்று கூப்பிடுகிறவர், குடைபிடித்து நின்றார். ரிசார்ட் மேனேஜர், என் வயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். பொக்லைன் ஓட்டும் வள்ளியூர்க்காரர் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். பொழியை நினைத்த நேரத்தில் முறிக்க முடியாது. கடல் ஏறும் நேரத்தில் வெட்டினால், மணலைத் திருப்பித் தள்ளி அடைத்துவிடும். கடல் இறங்கும் நேரத்தில் வெட்டினால், காயல் தண்ணீரே மிச்ச வழியை அறுத்துக்கொண்டு போகும். அன்று பதினொன்றுக்குமேல் இறக்கம். மதியம் தாண்டி விட்டுவிட்டால் மிச்ச இறக்கம் மணலை அறுக்கப் போதாது, அடுத்த இறக்கம் நள்ளிரவுக்குமேல். அதற்குள் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும்.

"ஆர்டர்ல வடக்குன்னு இருக்கு சாரே" என்றார் ஏ.இ. "எனக்கு ஆர்டர் போதும்."

வடக்கே எட்டுக் கூடு. நான் வள்ளியூர் அண்ணனிடம் போய், எவ்வளவு அகலம் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு வாளி அகலம் சார், ஆறேழு அடி இருக்கும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. கூடுகளுக்கு நடுவே ஆறேழு அடி இடைவெளி தேடி, கால்விரலால் மணலில் ஒரு கோடு போட்டேன். அழகான கோடு. எந்தக் கூட்டிலும் படாமல் பாம்பு மாதிரி வளைந்து போனது.

ஸ்டெல்லா சேச்சி அதைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். அடுக்களையில் மீன் நீந்தும் ஒரு பெண்மணியை அப்படிச் சிரிக்க வைத்த பெருமை எனக்கு உண்டு.

"எடா, பொக்லைனா வெட்டுது? அது சும்மா கீறி விடும். வெட்டுறது தண்ணி. சாயங்காலம் வந்து பாரு, இங்கேருந்து அங்க வரைக்கும் ஆறு நிக்கும்." கையை நீட்டிக் காட்டினார். என் எட்டுக் கூடும் அந்தக் கைக்குள் இருந்தன.

"அப்போ வேற எங்க சேச்சி?"

அவர் தெற்கே, ரிசார்ட் வேலியைப் பார்த்தார். "முன்ன எல்லாம் அங்கதான். அதுதான் எங்க வீட்டுக்கு நேர். ஒரு நாழியில தண்ணி இறங்கும். இவங்க வேலி கட்டின பிறகுதான் வடக்கே போச்சு."

நான் அவரையே பார்த்தேன். பருவத் தொடக்கத்தில் அவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீ என்ன நெனச்ச? உன் நாப்பது கிராமுக்காகவா நான் சம்மதிச்சேன்? வடக்கே உன் கூடு இருந்தா நீ தெக்கேதானே முறிக்கச் சொல்லுவ?" என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். "ப்ரோ, ஒரு மினிட். தெக்கே வெட்டினா எங்க பீச்சு முழுக்கப் போகும். சீசன்ல வர்றவங்க எங்கே இருப்பாங்க?" அவர் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஒருவர் போனில் இருந்தார். வேலியை ஒட்டி இரண்டு வரிசை மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் மூட்டைவரை வந்து நின்றுவிடும், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஸ்டெல்லா சேச்சி சொன்னார். போகப்போவது மூட்டைக்கு முன்னாலிருக்கும் மணலும் சாய்வு நாற்காலிகளும்தான்.

ஏ.இ. சார் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவர் ஆர்டரை மாற்ற ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் காகிதத்தில் வேண்டும். "வடக்கே கூடு இருக்கு, தெக்கே கூடு இல்லன்னு எழுதித் தாங்க சாரே. நான் தெக்கே மாத்தறேன்."

பேனாவை நீட்டினார்.

தெற்கே ஒரு கூடு இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் பார்த்தேன். மணல்மூட்டையிலிருந்து பன்னிரண்டடி தள்ளி, சாய்வு நாற்காலிகளுக்கு அருகில். அம்மாவோடு பேசியபிறகு போனில் சார்ஜ் இல்லாததால் வரைபடத்தில் ஏற்றவில்லை. உலகத்தில் அதை அறிந்தவர்கள் நானும் அந்தப் பறவையும்தான்.

ஒரு வரி. "தெற்கே கூடு இல்லை." வடக்கே எட்டும் பிழைக்கும், வீடுகளில் தண்ணீர் இறங்கும், ஸ்டெல்லா சேச்சிக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். உங்களில் யாராவது எழுதியிருந்தால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் கை ஓடவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லோருக்கும் கைநாட்டுத்தான். எழுதிய காகிதம் என்றால் எங்கள் லயத்தில் அது மேலேயிருந்து வருவது. அதில் இருப்பது உண்மையாகத்தான் இருக்கும் என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கை எவ்வளவு அப்பாவித்தனமானது என்று வேலைக்கு வந்து தெரிந்துகொண்டேன். தெரிந்தும் கை ஓடவில்லை.

"தெக்கே ஒண்ணு இருக்கு" என்றேன்.

மேனேஜர், "அப்போ இங்கேயும் முடியாதுல்ல ப்ரோ? ரூல் ஒண்ணுதானே?" என்றார். ஏ.இ. சார் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். "அப்போ ஆர்டர்படி வடக்கே."

கூட்டத்தில் யாரோ என்னை நல்ல மலையாளத்தில் திட்டினார்கள். ஸ்டெல்லா சேச்சி திட்டவில்லை. பக்கத்தில் வந்து, பல்வலிக்காரரைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஒரு பொய் சொல்லத் தெரியாத உன்னை எந்த ஸ்கூல்லடா படிக்க வெச்சாங்க?"

மேடத்துக்குப் போன் போட்டேன். நீங்களும் போடுவீர்கள், அதனால் அவர் என்ன சொல்வார் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். "அங்கே நிக்கறது நீ. எனக்கு இங்கே ஃபேனும் சுவரும்தான் தெரியுது. நீ தீர்மானி. தப்பாப் போனா திட்டுவேன். ஆனா நீ தீர்மானிக்கலன்னா ரொம்பத் திட்டுவேன்." வைத்துவிட்டார். வனத்துறை அதிகாரியையும் கூப்பிட்டேன். முடிந்தால் அந்த ஒரு கூட்டை நகர்த்திப் பார், படம் எடு, எல்லாவற்றையும் எழுதி வை என்றார்.

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். வடக்கே எட்டுக் கூடு, தெற்கே ஒன்று. தெற்கே முறிக்கச் சொல்வது நான். அந்த ஒன்று போனால் அதற்குப் பொறுப்பும் நான். கீழே முழுப்பெயர், கையெழுத்து.

ஏ.இ. சார் மூன்று முறை வாசித்தார். அவர் முகம் குளிர்ந்தது. "கூடு இருக்கோ இல்லியோ, கீழ ஒரு பேரு இருந்தாப் போதும் சாரே" என்றார். பகடி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மனமார்ந்த நன்றி.

"முறிக்கறதுக்கு முன்ன எனக்கு ஒன்றரை மணி நேரம் வேணும்."

"எதுக்கு?" என்றார் ஸ்டெல்லா சேச்சி.

கூட்டை ஒரே தூக்காகத் தூக்கித் தள்ளி வைத்தால் பறவை கண்டுபிடிக்காது. பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இரண்டடி நகர்த்தி, எல்லோரும் விலகி, அது வந்து உட்காரும்வரை காத்திருந்து, மறுபடி இரண்டடி. மூட்டைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்விட்டால் தண்ணீர் தொடாது. பன்னிரண்டடி, ஆறு நகர்த்தல், ஆறாவது மூட்டையைத் தாண்டி.

"என் வீட்டில தண்ணி நிக்கும்போது, குருவி உக்காரும் வரைக்கும் நான் காத்திருக்கணும்?"

"ஆமா சேச்சி."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் பொக்லைனுக்குப் பின்னால போய் குத்தவெச்சு இருங்க. வாய மூடணும். மொபைல அமத்தணும்" என்றார்.

அப்படியொரு காட்சியை இனி நான் பார்க்கப் போவதில்லை. வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்த இருபது முப்பது பேர், ஓர் அரசு அதிகாரி, ஒரு ரிசார்ட் மேனேஜர், எல்லோரும் ஒரு மஞ்சள் இயந்திரத்தின் பின்னால் வரிசையாகக் குந்தி, நாற்பது கிராம் பறவை உட்காருமா என்று எட்டிப் பார்க்கிறார்கள். நான் உள்ளங்கையால் மணலில் குழி செய்து, மூன்று முட்டைகளையும் வைத்து, சிப்பித்துண்டுகளை அடுக்கிவிட்டு ஓடி வந்தேன். பறவை முதலில் சிறகொடிந்த மாதிரி நாடகம் ஆடியது. பிறகு ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. உட்கார்ந்தது.

"இருந்து!" என்று பின்னாலிருந்து மலையாளத்தில் ஒரு பெருமூச்சு.

இரண்டாவது முறை. மேனேஜர் தானே போய், வழியிலிருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். உட்கார்ந்தது. மூன்றாவது முறை. "மகாராணி இன்னும் எழுந்தருளலியா?" என்று ஒருவர் கிசுகிசுக்க, ஸ்டெல்லா சேச்சி அவர் தலையில் தட்டினார். உட்கார்ந்தது.

"பதினஞ்சு வருசமா மண்ணு அள்ளுதேன் சார்" என்று வள்ளியூர் அண்ணன் என் காதில் சொன்னார். "ஒரு குருவிக்குக் கையக் கட்டிட்டு நிக்கது இதான் மொதத் தடவ."

நான்காவது முறை வைத்துவிட்டு வந்தேன். பறவை பாதி தூரம் வந்தது. ஏ.இ. சாரின் போன் அலறியது. அமர்த்த மறந்திருந்தார், பாவம். பறவை பறந்தது.

காத்திருந்தோம். கடலோரமாக ஒரு சுற்று ஓடியது. கூட்டுக்கு வரவில்லை. பத்து நிமிடம். கால் மணி. எல்லோரும் பறவையைப் பார்த்தோம். ஸ்டெல்லா சேச்சி மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்டேட்டே" என்றார். குரலில் கேலி இல்லை. "இறக்கம் பாதி போயாச்சு."

மூட்டைக்கு இன்னும் நாலடி. நான் போய் முட்டைகளை எடுத்தேன். நாலடியையும் இரண்டு வரிசை மூட்டையையும் ஒரே தாவலில் தாண்டி, அந்தப்பக்க மணலில் குழி செய்து வைத்தேன். செய்யக்கூடாது என்று நானே ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எல்லோருக்கும் வகுப்பு எடுத்த காரியம்.

"எடுங்கண்ணே" என்றேன்.

வள்ளியூர் அண்ணன் சாவியைத் திருப்பவில்லை. "ஒரு நிமிசம் பாப்பமா சார்? வந்தாலும் வருமே."

கூட்டத்திலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் அன்று எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. காலையில் திட்டியவர்கள் எல்லோரும் இப்போது காத்திருக்கத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான்.

"வேண்டாம்ண்ணே. எடுங்க."

இயந்திரம் கீறியது. சின்ன வாய்க்கால்தான். காயல் தண்ணீர் முதலில் யோசித்த மாதிரி நின்றது, பிறகு வழி தெரிந்துகொண்டது. பத்து நிமிடத்தில் அதன் சத்தம் மாறியது. இரண்டு கரையும் பாளம் பாளமாக உள்ளே விழுந்தன. ஸ்டெல்லா சேச்சி கைநீட்டிக் காட்டிய அகலம் சரியாகவே இருந்தது.

அப்போதுதான் பறவை வந்தது. ஆட்கள் எல்லோரும் வாய்க்கால் பக்கம் போய்விட்டார்கள், கூட்டுப்பக்கம் அமைதி. ஓடி வந்து, நான்காவது குழியில், முட்டை இல்லாத குழியில் உட்கார்ந்தது. மூட்டைக்கு அந்தப்பக்கம் பார்க்கவே இல்லை. தண்ணீர் பக்கத்தில் வந்து மணல் இடியும்வரை உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து வடக்கே பறந்தது.

மே மாத மணலில், மேலே பறவை உட்காராத முட்டை வெந்துவிடும். மேனேஜர் வெள்ளைக்காரர்களுக்கு விரிக்கும் பெரிய குடையைக் கொண்டுவந்து, தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பீச்சில் பாதி அப்போது கடலில் போய்க்கொண்டிருந்தது. "வருமா ப்ரோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம்வரை நின்றார். வரவில்லை.

வீடுகளில் தண்ணீர் மூன்று மணிக்குள் இறங்கிவிட்டது. வடக்கே எட்டில் ஒன்றைக் காகம் எடுத்தது, ஒன்றை நாய். மிச்சத்தில் குஞ்சுகள் ஓடின.

அந்த நான்காவது குழியில் அது உட்கார்ந்ததைப் பல தடவை யோசித்திருக்கிறேன். வள்ளியூர் அண்ணன் கேட்ட ஒரு நிமிடத்தைக் கொடுத்திருந்தால்? முட்டைகளை அங்கேயே விட்டிருந்தால்? பிறகும் இரண்டு நகர்த்தல், அரைமணி நேரம். அதன்பின் மிஞ்சும் இறக்கம் மணலை அறுக்கப் போதுமானதாக இருந்திருக்குமா? ஸ்டெல்லா சேச்சியிடமே கேட்டேன். "தெரியலடா" என்றார். அந்தக் கடலைப் பற்றி அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பருவம் முடிந்ததும் கூடுகளின் கணக்குப் படிவத்தை நிரப்ப வேண்டும். அழிந்த கூட்டுக்குக் காரணம் எழுத அப்போது நாலே கட்டங்கள்: காகம், நாய், கடல், ஆள். தெற்குக் கூட்டை எதில் போடுவது? கடல் தொடவில்லை. யாரும் மிதிக்கவில்லை. கடல் என்று போட்டுவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் அடியில் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, "நம் முடிவு" என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.

குடியிருப்பின் சாட்சிக் கையெழுத்துக்காக அதை ஸ்டெல்லா சேச்சியிடம் கொண்டுபோனேன். இந்த முறை வாசித்தார். விரலை ஒவ்வொரு கட்டமாக வைத்துக்கொண்டு போனார்.

"காக்கா, நாயி, கடலு, ஆளு. அதுக்கும் கீழ நீயா?"

"ஆமா சேச்சி."

"நாயிக்கும் கீழ தன் பேரத் தானே எழுதற ஒருத்தன இப்பதான் பாக்கறேன். நல்ல படிப்புடா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஈரக்கையைக் கைலியில் இரண்டு முறை துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். சாட்சி என்று போட்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, ஐந்தாவது கட்டத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

"இறக்கம் போயாச்சுன்னு சொன்னது நான்தானே" என்றார்.

போன வாரப் பயிற்சியில், படிவத்தில் ஐந்தாவதான கடைசிக் கட்டம் மட்டும் ஏன் இவ்வளவு அகலம் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது இரண்டு கையெழுத்துக்கு இடம் விடச் சொன்னவன் நான்தான்.